பவளம் தோண்டிய குழி

என் வீட்டுக்காரர் சபாபதி என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னோடு பேசியதைவிடப் பவளத்தோடு பேசியதுதான் அதிகம். பவளம் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரை. செந்நிறம், பெட்டை, ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தவள். என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரர், அவளுக்குப் புல் அறுத்துச் சுமக்கிற புல்லுக்காரி நான். குதிரையை ‘அது’ என்றுதான் சொல்லவேண்டும் என்பார்கள். சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அவள் அவள்தான்.

துரைக்கு மோட்டார் சைக்கிள் வந்தபிறகு பவளத்துக்கு வேலை குறைந்துபோனது. வயதும் ஆகியிருந்தது. அந்த வருஷம்தான் அவளுடைய பின்னங்கால்கள் இரண்டும் இறங்க ஆரம்பித்தன. குளம்புக்கு மேலே உள்ள கணு நிமிர்ந்து நிற்கவேண்டும். அவளுக்கோ அது நாளுக்கு நாள் தாழ்ந்து, மண்ணைத் தொட்டுவிடும்போல வந்துவிட்டது. ஜொகூர் பாருவிலிருந்து வந்த மிருக வைத்தியர் கணுவுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். காலைத் தாங்கிப் பிடிக்கிற நார் தளர்ந்துவிட்டது, இனி இறுகாது, நோவைக் குறைக்கலாமே தவிர நோயை மாற்றமுடியாது என்று சொல்லிவிட்டு, ரயிலைப் பிடிக்கக் குளுவாங்குக்குக் கிளம்பிவிட்டார்.

குறைக்கிற வேலை எங்கள் தலையில் விழுந்தது. காலையில் இறுகிய மண்பாதையில் மெல்ல நடத்துவோம். சேற்றுப் பக்கமே விடமாட்டோம். உடம்பு பெருத்தால் காலுக்குப் பாரம் என்று அவர் கொள்ளுத் தீனியைக் குறைத்தார். நான் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடுவேன். அதன்மேல் அவர் என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டுவார். பழையதுதானா என்று நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் மனுஷன் தீபாவளிச் சேலையையும் கிழித்துவிடுவார்.

இவ்வளவு செய்தும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. இடது காலில் ஊன்றுவாள், வலதுக்கு மாறுவாள், மறுபடி இடதுக்கு வருவாள். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவளைப் போல நாள் முழுக்க அசைந்துகொண்டே நிற்பாள். படுக்கவே மாட்டாள். படுத்தால் எழமுடியாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தூக்கமில்லாமல் கண்கள் சிவந்து கிடந்தன.

துரை வந்து பார்த்தார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்லமாட்டேன். அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

“பாவம், சபாபதி. இப்படி வச்சிருக்கிறது சரியில்லை. சனிக்கிழமை வருவேன். அதுக்குள்ள ஒழுங்கா நின்னா இருக்கட்டும். நிக்காட்டி நான் சுடுறேன். வேற யாரும் சுடக்கூடாது.”

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துப் பவளம் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். முன்னங்காலால் கொட்டகைத் தரையைப் பறித்துப் பறித்துக் குழி போட்டாள். மற்ற ஊரில் குழி வெறும் குழிதான். எங்கள் தோட்டத்தில் அது குற்றம். குழியில் தண்ணீர் தேங்கும், தண்ணீரில் கொசு வரும், கொசுவால் காய்ச்சல் வரும் என்று மேலிடத்து உத்தரவு. குழி தூர்க்கவும் தண்ணீரில் எண்ணெய் தெளிக்கவும் தனியாக ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் லெட்சுமணன். கொசுக் கங்காணி என்று கூப்பிடுவோம். போன மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் மாட்டுக் குளம்புத் தடத்தைக் கண்டால்கூட அவருக்குப் பொறுக்காது.

பவளம் தோண்டுவாள். அவர் செம்மண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்துச் சமமாக்குவார். மறுபடி அதே இடத்தில் தோண்டுவாள்.

“மேல கூரை இருக்குல்ல அண்ணே, இங்க எப்படித் தண்ணி தேங்கும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சாரல் அடிக்குதுல்ல? குதிரையைக் கழுவுறீங்கல்ல? குழின்னா குழிதான் காளியம்மா.”

என் கோபம் குதிரைமேல் திரும்பியது. “நிக்கவே வக்கில்லை, இதுல உனக்குத் தோண்டுற வேலை கேக்குதா?” என்று வைதேன். தோண்டித் தோண்டிக் கால் இன்னும் கெட்டுவிடும் என்று பயந்து என் வீட்டுக்காரர் கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டினார். தோண்டுவது நின்றது. கணு முன்னைவிட வீங்கியது.

வெள்ளிக்கிழமை அவர் கட்டுத்துணி வாங்க டவுனுக்குப் போயிருந்தார். மத்தியானம் நான் புல்லுக்கட்டோடு கொட்டகைக்கு வந்தால், பவளம் கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டுத் தோண்டிக்கொண்டிருக்கிறாள். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தோண்டுவதை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே திரும்ப ஆரம்பித்தாள். ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, வலியில் நின்று நின்று, முழுசாகத் திரும்பினாள். பிறகு பின்னோக்கி நகர்ந்து, பின்னங்கால் ஒன்றால் குழியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். குளம்பின் முன்பக்கத்தைச் சரிவில் இறக்கினாள். பின்பக்கம் விளிம்பின்மேல் உயர்ந்து உட்கார்ந்தது. அடுத்த காலையும் அப்படியே வைத்தாள்.

அசைவு நின்றது. எத்தனையோ மாதமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த உடம்பு அப்படியே நின்றது. தொங்கிய கணு கொஞ்சம் மேலே வந்திருந்தது. அவள் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். கீழுதடு தளர்ந்து தொங்கியது, கண் மூடியது. வைத்தியருக்குத் தெரியாததை, நாங்கள் சேலை சேலையாகக் கிழித்தும் கிடைக்காததை, இந்த வாயில்லாச் சீவன் மண்ணில் தோண்டி எடுத்திருக்கிறது. புல்லுக்கட்டை இறக்கவும் மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திமிசோடு லெட்சுமணன் வந்தார்.

“போடாதீங்க அண்ணே. அது அவ மருந்து. அவ காலைப் பாருங்க.”

அவர் பார்த்தார். குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். “அலமாக்” என்று மலாய்க்காரர் மாதிரி தனக்குள் வியந்துகொண்டார். அன்றைக்கு அவர் குழியைத் தூர்க்காமல் போனார்.

சனிக்கிழமை விடிந்தபோது பவளம் படுத்திருந்தாள். குழியருகிலேயே ஒருக்களித்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிருந்தது.

“படுத்துட்டா. இனி எப்படி எந்திரிப்பா? எந்திரிக்க முடியாத குதிரையை யாரு விட்டுவைப்பா?”

எழுப்பிப் பார்த்தோம். முன்னங்காலை நீட்டி உன்னினாள்; பின்னங்கால் வழுக்கியது. மறுபடியும் உன்னினாள், மறுபடியும் வழுக்கியது. கடைசியில் தலையைத் தரையில் போட்டுவிட்டாள். அப்படிக் கிடக்கையில்தான் துரை துப்பாக்கியோடு வந்தார், பின்னாலேயே லெட்சுமணனும் வந்தார். துரை அவளைக் குனிந்து பார்த்தார். தோட்டாவைப் போட்டார். என் வீட்டுக்காரர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். போய் வா என்றாரோ, எழுந்திரு என்றாரோ, எனக்குக் கேட்கவில்லை.

“தள்ளிக்க, சபாபதி” என்றார் துரை.

அவர் விலகினார். பவளம் தலையைத் தூக்கினாள். படுத்தபடியே உடம்பை இழுத்து இழுத்துப் பின்னுக்கு நகர்ந்தாள். குளம்பு இரண்டும் குழிக்குள் விழுந்து, அதன் சுவரில் முட்டின. முன்னங்காலை நீட்டினாள். குழியின் சுவரை உதைத்து ஒரே உன்னலில் எழுந்தாள். மண் பொலபொலவென்று சரிந்தது. நடுங்கினாள், ஆடினாள், ஆனால் நான்கு காலில் நின்றாள். சாமி வருகிறபோது ஒதுங்குவதைப் போல நாங்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றோம். துரையும்தான்.

எழுந்த வேகத்தில் அவளுடைய குழி உடைந்துவிட்டது. அவள் முன்னங்காலைத் தூக்கித் திரும்பத் தோண்டப் பார்த்தாள். காலில் தெம்பில்லை. அப்போது லெட்சுமணன் திமிசைக் கீழே வைத்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் குளம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோண்டியது போலவே சரிவாக வெட்டினார். பதமாக வெட்டினார், அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அவர் விலகியதும் திரும்பி, ஒவ்வொரு காலாக இறக்கிவைத்து, எங்கள் எல்லோர் முன்னாலும் தூங்கிப்போனாள்.

துரை துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, பிள்ளை தூங்குகிற வீட்டில் பேசுவதைப் போல ரகசியக் குரலில் கேட்டார்.

“சபாபதி, நான் போகட்டுமா?”

அவரை நிமிர்ந்துகூடப் பார்த்தறியாத என் வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைத்தார்.

“போங்க துரை. பூட்ஸ் சத்தம் கேக்காம போங்க.”

துரை பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.