கட்டிலின் வலப்பக்கம்

கஞ்சிக் கரண்டியை அம்மாவின் உதட்டருகே பிடித்துக்கொண்டு, "பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு வாய் குடிச்சுடும்மா" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் அமுதா. சமண வீடு, இருட்டிவிட்டால் மதனவதி அம்மாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள்.

அம்மா முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். "என்னாம்மா சுகா?"

கூப்பிட்டது மகள், பதில் மருமகளுக்கு. அந்தப் பக்கம் இருந்த சுகாசினி கரண்டியை வாங்கி நீட்டியதும் வாய் சமர்த்தாகத் திறந்தது. அமுதாவுக்கு வயிறு எரிந்தது. இன்றோ நாளையோ என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள் என்றதும் தென்னேரியிலிருந்து ஓடிவந்தவள். நான்கு நாளாகப் பெற்ற மகளை அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்ன சொக்குப்பொடி போட்டிருக்கிறாளோ இவள்.

"இந்தப் பக்கம் வந்து உக்காருங்க அண்ணி," என்றாள் சுகாசினி, வந்த நாளிலிருந்து சொல்வதைப் போலவே.

"எங்கம்மாகிட்ட எங்க உக்காரணும்னு நீ சொல்லாத."

தம்பி மகாவீருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அவ சொல்றத முழுசாத்தான் கேளேன். ஆறு வருஷமா ரத்தத்தோட இருந்த கேன்சர் மூளைக்குப் போயிடுச்சு. முதுகுத்தண்டுல நீர் எடுத்துப் பாத்தாங்க. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அம்மாவுக்குத் தெரியாதாம். அங்க யாரு பேசினாலும் வலப்பக்கம்தான் தேடுமாம். நீ நாலு நாளா அங்கியே உக்காந்துக்கினு இருக்குற."

சுகாசினி எழுந்து வழிவிட்டாள். இருவரும் இடம் மாறினார்கள்.

"அமுதா," அம்மாவின் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் வந்தியா?"

"ஆமாம்மா."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. மகாவீர் டாக்டருக்குப் போன் போட வெளியே ஓடினான்.

"சுகா எங்கம்மா? இங்கதான இருந்துது?"

சுகாசினி கட்டிலின் இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். அமுதா சற்றே நகர்ந்து இடம்விட்டால் போதும். அவள் நகரவில்லை. இந்த ஒரு பொழுதாவது அம்மா தனக்கே தனக்கு வேண்டும் என்றிருந்தது.

"வெளிய போயிருக்காம்மா."

சுகாசினி நிமிர்ந்து அமுதாவைப் பார்த்தாள்.

"வந்துடுவா இல்ல?" என்ற அம்மா வலப்பக்கத்து வாசலையே பார்க்கத் தொடங்கினாள். அதன் பிறகு அமுதாவின் முகத்துக்கு அந்தப் பார்வை திரும்பவே இல்லை. மூச்சு நின்றபோது வாசலில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

திறந்தே இருந்த கண்களை மூட அமுதாவின் கை எழவில்லை. இடப்பக்கத்திலிருந்து சுகாசினி குனிந்து மூடினாள்.