வாய் திறந்த சிப்பிகள்

அக்காவுக்கு அவன் தர வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து நானூறு. படகு எஞ்சின் படுத்துக்கொண்டபோது, சிப்பி விற்றுச் சேர்த்ததை அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தாள். ஒருநாளும் முகம் சுளித்துக் கேட்டதில்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது.

"என்னடா கப்பல் முதலாளி, இந்த ஜென்மத்துல குடுப்பியா, இல்ல அடுத்த ஜென்மத்துல உனக்குத் தம்பியாப் பொறந்து நான் வாங்கிக்கணுமா?"

"குடுக்கிறேன்க்கா. மேடம் வேலை கெடைச்சிருக்குல்ல."

மேடம் ஆய்வுக்கூடத்துக்காரி. சுத்தமான கடலில் வளர்ந்த கருஞ்சிப்பிகளை வலைப்பையில் போட்டு, தொழிற்சாலைக் குழாய் கடலில் விழும் இடத்தில் தொங்கவிடச் சொல்வாள். சிப்பி நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து வடிகட்டும். தண்ணீரில் உள்ள கேடு அதன் சதையில் தங்கிவிடும். ஒன்றரை மாதம் கழித்துப் பையைத் தூக்கிச் சோதித்தால் அந்தக் கடலின் யோக்கியதை தெரிந்துவிடும். படகில் கால் வைத்தாலே மேடத்துக்குக் குமட்டும் என்பதால், தொங்கவிடுவதும் தூக்குவதும் அவன் பொறுப்பு.

குழாயைத் தாண்டிய பாறைகளில்தான் அக்கா சிப்பி பறித்தாள். விற்றது போக மிஞ்சியதுதான் அவளுக்குச் சாப்பாடு. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளுக்கு வேறு என்ன சமையல் என்பாள்.

"தண்ணி கெட்டிருக்குன்னு உன் மேடம் சொன்னா நான் வேற பொழப்பு பாத்துக்குவேன். நல்லா இருக்குன்னா பறிப்பேன், திம்பேன். எதுவா இருந்தாலும் உள்ளதைச் சொல்லச் சொல்லுடா."

முதல் பையைத் தூக்கியபோது பாதிக்கு மேல் சிப்பிகள் வாயைத் திறந்து கிடந்தன. தட்டிப் பார்த்தான், மூடவில்லை. அவனுக்குக் கூச்சமாகப் போயிற்று. செத்த சிப்பியையா ஒருத்தர் கையில் கொடுப்பது? அக்காவின் கூடையருகே உட்கார்ந்து பொறுக்கிப் பழகிய கை அது. திறந்ததையெல்லாம் கடலில் வீசினான். நல்ல தண்ணீர்ப் பக்கம் மேடம் உபரியாகக் கட்டி வைக்கச் சொல்லியிருந்த மூட்டையிலிருந்து உயிருள்ளதை அள்ளிப் பையை நிரப்பினான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

மேடத்துக்கு வாயெல்லாம் பல். "ஒண்ணுகூட சாகலைண்ணே! சதையிலயும் விஷம் அளவுக்குள்ளதான் இருக்கு."

அவன் ஓட்டமாய் ஓடி அக்காவிடம் சொன்னான். அன்றைக்கு அவனையும் உட்காரவைத்துத் தட்டு நிறையச் சிப்பி போட்டாள்.

அடுத்த வருஷம் அக்காவின் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. சிப்பி பிளக்கும் கத்தி கையைக் கீறியதே அவளுக்குத் தெரியவில்லை. கழுவிய தண்ணீர் சிவந்த பிறகுதான் பார்த்தாள். "வயசாகுதுல்ல" என்று துணியைச் சுற்றிக்கொண்டாள். பிறகு டம்ளர் நழுவியது. பிறகு கூடை.

குழாய்ப் பக்கத்தைப் படம் எடுக்க வேண்டுமென்று மேடம் ஒருநாள் மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு படகில் ஏறினாள். அவன் பையைத் தூக்கினான், வழக்கம்போலப் பொறுக்கி வீச ஆரம்பித்தான்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

"செத்தது மேடம். உங்ககிட்ட குடுக்கலாமா?"

"செத்ததுதான்ணே எனக்கு வேணும்!" கத்தியவள் அவன் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "எப்பவும் இப்படித்தானா?"

அவன் தலையாட்டினான். எலுமிச்சம்பழம் அவள் கையிலிருந்து உருண்டு படகின் அடியில் போய்க் கிடந்தது.

புதிதாகச் சோதித்த முடிவு வந்ததும் பாறைகளில் சிப்பி பறிக்கத் தடை போட்டார்கள். மேடமே அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தத்தில் உலோகம் ஏறியிருக்கிறது, மருந்து கொடுக்கலாம், ஆனால் விரலில் போன உணர்ச்சி போனதுதான் என்றார் டாக்டர்.

படகை விற்றுவிட்டுப் பணத்தோடு அக்காவிடம் வந்தான். ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"வாயைத் திறந்ததைத் தூக்கிப் போடுடான்னு நான்தானே சொல்லிக்குடுத்தேன்" என்றாள் அக்கா.

பணத்தை அவள் மடியில் வைத்தான். எண்ணப் பார்த்தாள். நோட்டுகள் விரலில் நிற்காமல் தரையெல்லாம் விழுந்தன. அவன் குனிந்து பொறுக்கினான். "நான் எண்ணித் தரவாக்கா?"

"வேணாம்டா, சரியாத்தான் இருக்கும்" என்றாள். "நீ யாருக்கும் கொறைச்சுக் குடுக்கிறவன் இல்லியே."