ட்வீட்டரில் குறை இல்லை

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. ஐந்து மாதமாகச் சொல்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை என் வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது. இவருக்குக் காது கேட்கவில்லை என்பதுதான் பிரச்சினையே.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் டில்லிபாபு. ஒரகடத்தில் லாரிக்குக் கதவு அடிக்கிற கம்பெனியில் பதினாலு வருஷமாகப் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். தகடு உள்ளே போகும், மேலிருந்து பிரஸ் இறங்கும், தரை ஒரு முறை அதிரும், கதவு வெளியே வரும். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை. காதில் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் அடைப்பான் கொடுக்கிறார்கள். இவர் அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்பார். காதை அடைத்துக்கொண்டால் பிரஸ் பேசுவது கேட்காதாம். இறங்குகிற சத்தத்தை வைத்தே அச்சு நகர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். உண்மைதான், சொல்வார். அந்தத் 'தொம்' இப்போதும் இவருக்கு நன்றாகக் கேட்கிறது. கேட்காதது நிலாவின் குரல்தான்.

நிலா எங்கள் மகள், பத்தாவது படிக்கிறாள். சன்னமான குரல் அவளுக்கு. முன்பெல்லாம் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பள்ளிக்கூடத்துக் கதையை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். வர வர ஒவ்வொரு வரிக்கும் இவர் "இன்னா?" என்று கேட்க ஆரம்பித்தார். மறுபடி சொல்வாள். மறுபடி "இன்னா?" ஒரு கதையை மூன்று தடவை சொன்னால் அது கதையா, தண்டனையா? கடைசியில், "அம்மா, நீயே அப்பாகிட்ட சொல்லிடு" என்று என் தலையில் கட்டிவிட்டாள். மூன்று வருஷமாக ஒரே வீட்டில் அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் நான் தூது போய்க்கொண்டிருக்கிறேன். அவள் கபடி டீமில் சேர்ந்ததும் சண்டை போட்டு விலகியதும் என் வாய் வழியாகத்தான் இவருக்குத் தெரியும்.

டிவியில் வசனம் புரியவில்லை என்றுதான் இந்தக் கூத்து ஆரம்பித்தது.

"இந்த டிவி ஸ்பீக்கர் நாஸ்தி. வூட்ல ஒரு ஹோம் தியேட்டர் போட்டாதான் சரிப்படும்" என்றார். வல்லம் வடகாலில் ஒரு காயலான் கடைக்கு, யாரோ வெளிநாட்டு மேனேஜர் காலி செய்த வீட்டுச் சாமான்களோடு இந்த ஜோடி வந்திருந்தது. முப்பது வருஷப் பழசு. ஷேர் ஆட்டோவில் இரண்டு சீட்டுக்குக் காசு கொடுத்து இரண்டையும் உட்காரவைத்து, இவர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் வந்து இறங்கினார். பெரிய ஸ்பீக்கரைச் சுற்றியிருந்த ரப்பர் மாதிரியான வளையம் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. "இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டேன். "பாரேன்" என்றார்.

பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, வேலை சுத்தம். பழைய பசையை என் நெயில் பாலிஷ் ரிமூவரை வைத்துச் சுரண்டினார். புது வளையம் வரவழைத்து ஒட்டி, பிடித்து நிற்கச் சுற்றிலும் துணி கிளிப் மாட்டினார். வீட்டில் இருந்த அத்தனை கிளிப்பும் ஸ்பீக்கருக்குப் போய்விட, என் கம்பெனி யூனிஃபார்ம் பறந்து பக்கத்து வீட்டு இந்திராணி அக்காவின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. மரப்பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலிஷ் அடித்தார். உள்ளே சத்தத்தைப் பிரித்து அனுப்புகிற சின்ன போர்டு ஒன்று இருந்தது. அதில் நாலு கப்பாசிட்டர் மாற்ற வேண்டும் என்று என்னிடம் நீட்டினார். ஆறு வருஷமாகச் சார்ஜர் கம்பெனி லைனில், ஈயப் பற்று சரியாக விழாத இடத்தைத் திருத்துகிற சால்டரிங் டச்சப் செய்கிறவள் நான். என் சால்டரில் குறை சொல்ல இன்னும் ஒரு சூப்பர்வைசர் பிறக்கவில்லை. பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தேன்.

முதல் நாள் ஏதோ ஒரு படம் போட்டோம். படத்தில் மழை பெய்தது. நான் எழுந்து மாடிக்குத் துணி எடுக்க ஓடினேன். பாதிப் படியில்தான் அது டிவி மழை என்று உறைத்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரும்பி வந்தால் இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மந்தமா கீதே. கொட்டாங்குச்சிக்குள்ள பேசறா மாதிரி கீது."

அன்றைக்குப் பிடித்த சனி. ட்வீட்டர் போயிருக்கிறது என்றார். ட்வீட்டர் என்பது பெட்டியின் உச்சியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர். கொலுசு, குருவி, விசில் என்று சன்னமான சத்தமெல்லாம் அது வழியாகத்தான் வரும். படப்பையில் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெபகுமார் தம்பியிடம் போய்ப் புதுசு வாங்கி மாட்டினார். மந்தம். அதைக் கழற்றி வேறு மாட்டினார். மந்தம். மூன்றாவது ஜோடியும் மாட்டினார். நடுவில் சன்னச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனார். செய்தி வாசிக்கிற பெண் வாயைத் திறந்தால் கத்தி தீட்டுவது போல இருந்தது. நிலா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள். பார்த்தீர்களா, பஞ்சு வைக்க வேண்டியவர் வைக்கவில்லை, என் பிள்ளை வைத்தது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் தாடையைச் சொறிந்துகொண்டே, "ஒருவேள உன் சால்டர்தான் சரியா புடிக்கலியோ" என்றார் பாருங்கள், அங்கே அறுந்தது.

"ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்லய்யா! என் சால்டர்லயும் ஒண்ணும் இல்ல! உன் காதுலதான் கீது!" என்று கத்தினேன். அது மட்டும் கேட்டது.

பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து கட்டில்மேல் போட்டார். கம்பெனி மெடிக்கல் ரிப்போர்ட்டுகள். ஒவ்வொரு வருஷமும் காது என்று போட்டு எதிரில் 'நார்மல்' என்று அச்சடித்திருந்தது. "படிச்சிப் பாரு. டாக்டர் கையெழுத்து போட்டுக்கிறாரு. உனுக்கு அவரவிட ஜாஸ்தி தெரியுமா?"

எனக்குத் தெரியும். அந்த நார்மல் எப்படி வந்தது என்று எனக்குச் சொன்னதே இவர்தான். வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனிக்குள் ஒரு வேன் வரும். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டுவார்கள். வெளியே இருக்கும் பெண் சுவிட்சைத் தட்டினால் உள்ளே 'கீச்' என்று சத்தம் வரும். கேட்டதும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்கவில்லை என்று தெரிந்தால் பிரஸ்ஸிலிருந்து தூக்கிப் பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். பிரஸ் ஆபரேட்டருக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. அதனால் அங்கே ஒரு வழக்கம். வரிசையில் அடுத்து நிற்பவன் அந்தப் பெண்ணுக்குப் பின்னால், தண்ணீர் கேன் பக்கம் போய் நிற்பான். அவள் விரல் இறங்கும்போதெல்லாம் தலையைச் சொறிவான். உள்ளே இருப்பவன் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவான். 'தலைசொறி டூட்டி' என்று அதற்குப் பெயரே உண்டு. முதல் வருஷம் இதை இவர் நடித்துக் காட்டினபோது நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இவர்? ஊரை ஏமாற்றி வாங்கின காகிதத்தை இப்போது இவரே நம்புகிறார். தலையில் அடித்துக்கொள்வதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

வேன் இந்த வருஷம் அடுத்த வியாழக்கிழமை என்று கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். "இந்த வாட்டி யாரையும் பாக்காத. கேட்டா அமுத்து, கேக்கலன்னா சும்மா இரு. வேற ஷாப்புக்கு மாத்துனா மாத்தட்டும். மிச்சம் கீற காதாவது தங்கும்" என்று கெஞ்சினேன்.

"பேக்கிங்ல போய் அட்டப்பொட்டி மடிக்கறதுக்கு நான் இன்னா சொத்தையா?" என்றார். "காது நல்லாதான் கீது. ஞாயித்துக்கிழம ஜெபகுமார வரச் சொல்லிக்கிறேன். அவன் வந்து ட்வீட்டர டெஸ்ட் பண்ணட்டும். உன் வண்டவாளம் தெரியும்."

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு மேல் ஜெபகுமார் வந்தான். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் போனை அதில் இணைத்தான். இவர் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார். நிலா வலது பக்க ஸ்பீக்கருக்குக் கீழே, இவருக்கு எதிரில், தரையில் இருந்தாள். நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன்.

"ணா, கீழருந்து ஒவ்வொரு சத்தமா மேல ஏத்துறேன். கேட்டா கையத் தூக்குங்க. எதுல கேக்கலியோ அங்கதான் ட்வீட்டர் ஃபால்ட்டு" என்றான் ஜெபகுமார்.

முதலில் வண்டு ரீங்காரம் மாதிரி வந்தது. கை ஏறியது. அடுத்து குழாய் ஊதுகிற மாதிரி. கை ஏறியது. விசில் மாதிரி ஒன்று, அதற்கும் ஏறியது. இனிமேல்தான் மாட்டுவார் என்று நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஊசி மாதிரி ஒரு சத்தம் வந்தது. எனக்குப் பல் கூசியது. கை ஏறியது. அதைவிடச் சன்னமாக ஒன்று. அதற்கும் ஏறியது, ஒரு நொடி பிசகாமல்.

"எல்லாம் கரெக்டா கீதேணா" என்று சொல்லிவிட்டு ஜெபகுமார் என்னைப் பார்த்தான். இவரும் திரும்பி என்னைப் பார்த்து மீசையைத் தடவினார்.

ஐந்து மாதமாக நல்ல காதுக்காரரைச் செவிடு என்று ஏசியிருக்கிறேனா? அப்படியானால் நிலா பேசுவது மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்? வேண்டுமென்றே கேட்காதது போல இருக்கிறாரா? அது இன்னும் மோசமாயிற்றே.

"இன்னும் ரெண்டு போடு தம்பி" என்றேன்.

இந்தத் தடவை ஸ்பீக்கரைக் கவனிக்காமல் இவர் கண்ணைக் கவனித்தேன். அது ஸ்பீக்கர் மேலும் இல்லை, போன் மேலும் இல்லை. நிலா மேல் இருந்தது. அந்த ஊசிச் சத்தம் வரும்போதெல்லாம் என் பிள்ளைக்குக் காது கூசி மூக்கு சுருங்கியது. மூக்கு சுருங்கினால் இவர் கை ஏறியது. தலைசொறி டூட்டிக்கு இவர் வீட்டிலேயே ஆள் பிடித்துவிட்டார். பெற்ற மகள், அவளுக்கே தெரியாமல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் யோசிக்கவில்லை. இவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். ஜெபகுமாரைப் பார்த்துக் கையை மூடி, நிறுத்து என்று காட்டினேன். அவன் நிறுத்திவிட்டான். பிறகு நிலாவைப் பார்த்து என் மூக்கைத் தொட்டுச் சுருக்கிக் காட்டினேன். அவள் கெட்டிக்காரி, உடனே புரிந்துகொண்டாள். செய்ய மனமில்லாமல் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். அப்புறம் மூக்கைச் சுருக்கினாள்.

வீட்டில் ஃபேன் சுற்றுகிற சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. இவர் கையைத் தூக்கினார்.

தூக்கின கையோடு, சரிதானே என்பது போல ஜெபகுமாரைப் பார்த்தார். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ணா... நான் எதுவும் போடலணா" என்றான், முணுமுணுப்பாக.

"இன்னா?"

அவனுக்கு இரண்டாவது முறை சொல்ல வாய் வரவில்லை. நிலாதான் முட்டி போட்டு நகர்ந்து வந்தாள். இவர் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, "அப்பா, சத்தமே வரலப்பா" என்றாள். மூன்று வருஷத்தில் நான் இல்லாமல் அவள் இவரிடம் நேராகச் சொன்னது இதுதான்.

கை மெதுவாக இறங்கியது. ஐந்து மாதச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். தோற்றிருந்தால் தேவலை என்று இருந்தது. பிள்ளையை வைத்து அப்பனைப் பிடித்துக் கொடுத்த மாதிரி எனக்கே அசிங்கமாக இருந்தது. பின்னால் நின்றபடியே இவர் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

ஸ்பீக்கரைப் பார்த்தபடியே, "அப்போ அந்த மொத ட்வீட்டர் நல்லாதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லாதான் இருந்துச்சுணா. எல்லாமே" என்றான் ஜெபகுமார், இந்த முறை சத்தமாக.

அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் டிவி போடவில்லை. வேனைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை எங்கள் கம்பெனி டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்து போனை எடுத்தால் இவரிடமிருந்து நாலு மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"செவுத்தப் பாத்து உக்காந்துகினேன்" என்றார், எடுத்ததும். "நம்ம மாசானம் தண்ணி கேன்கிட்ட நின்னு சொறியோ சொறினு சொறிஞ்சிருப்பான். மண்டத் தோலு உரிஞ்சிருக்கும். நான் திரும்பவே இல்ல. பாதி நேரம் சும்மாதான் உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு வயர் கழண்டுகிச்சானு ரெண்டு வாட்டி எந்திரிச்சி வந்து பாத்துச்சு."

"இன்னா சொன்னாங்க?" என்று கத்தினேன். பக்கத்து மேஜையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரிய டாக்டர்கிட்ட போவச் சொல்லி லெட்டர் குடுத்துக்கிறாங்க. நாளைலருந்து பிரஸ் இல்ல." பின்னணியில் அந்தத் தொம், தொம் மட்டும் கேட்டது. "நிலாகிட்ட நீ சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்."

"நல்ல வேல பண்ண" என்றேன். குரலே வரவில்லை.

"இன்னா?" என்றார்.

எனக்கு எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. லைனுக்குத் திரும்பச் சொல்லி மணியும் அடித்துவிட்டது. மறுபடி சொன்னேன்.