பிழைப்பானா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்

என் தையல் கடைக்கு மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. வாடிக்கையாளர்களிடம் நாலு வார்த்தை பேசலாமே என்று சேர்ந்திருந்தேன். லாரி மோதி தம்பியை ஐ.சி.யூ.வில் சேர்த்த பிறகும் விடாமல் போனேன். அங்கே பெரிய டாக்டருக்கு ஆங்கிலம்தான் வரும். நர்ஸிடம் நீளமாக ஏதோ சொல்வார். அவள் எங்கள் பக்கம் திரும்பி, "பார்க்கலாம்மா" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பி பிழைப்பானா மாட்டானா என்று நானே நேராகக் கேட்டுவிட வேண்டும்.

அன்று வகுப்பில் மேடம் ‘புல் த்ரூ’ என்று சொல்லிக்கொடுத்தார். புல் என்றால் இழு. த்ரூவும் சேர்ந்தால், பெரிய ஆபத்திலிருந்து பிழைத்து வருவதாம்.

"நாம இழுத்துக்கிட்டிருக்குன்னு சொன்னா, உசுரு போகப்போகுதுன்னுல்ல மேடம் அர்த்தம்?" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வில் ஹி புல் த்ரூ, டாக்டர்?" மெஷினை மிதிக்கும்போதெல்லாம் இதையே முணுமுணுத்தேன். எதிரில் இருப்பவர் பேசும்போது கண்ணைப் பார்த்து, லேசாகச் சிரித்து, தலையாட்ட வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். ஆட்டாவிட்டால் பாடத்தை முதலிலிருந்து தொடங்கிவிடுவார். அதற்குப் பயந்தே எங்களுக்கெல்லாம் தலை தானாக ஆடும்.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். பிசிறில்லாமல் வந்தது. அவர் நர்ஸை விட்டுவிட்டு என்னிடமே பேச ஆரம்பித்தார். மூளை என்றார், மெஷின் என்றார். முக்கால்வாசி புரியவில்லை. சிரித்துத் தலையாட்டினேன். கடைசியில் எனக்குத் தெரிந்த வார்த்தைகள் வந்தன.

"ஹி வில் நாட் புல் த்ரூ."

அது நன்றாகவே புரிந்தது. பாழாய்ப்போன தலை அதற்கும் ஆடிவிட்டது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவும் தம்பி மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிச்சு சிரிச்சுப் பேசினியே! எனக்கு அப்பவே போன உசுரு திரும்பி வந்துருச்சுடி."

"அம்மா, இரு..." என்றேன்.

தம்பி மனைவி அதற்குள் போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அத்தை டாக்டர்கிட்டயே கேட்டுட்டாங்கடி. இந்தா, நீயே பேசு." என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, அழறா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

போனை என் காதில் வைத்தாள்.

"அத்தை, அப்பா பொழச்சுக்கிட்டாரா?"

தமிழில்தான் கேட்டாள். அம்மா என் கையை இன்னும் விடவில்லை.

"இல்லடா கண்ணு," என்றேன்.