படியேறியவனுக்கு ஒரு சாயா

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு மொத்த வியாபாரம் செய்யும் ரஷீதின் வயிற்றுக்குள் ஒருவன் மூட்டையோடு படியேறிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவள் அவர் மனைவி ஜலீலா. ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் படுத்திருந்தபோது, பண்டகசாலையின் மரப்படியில் சுமைக்காரன் கால் வைக்கிற மாதிரி 'திம்' என்றது. அடுத்த 'திம்' மறு மழைக்காலத்தில்தான் வந்தது. இவ்வளவு மெதுவாக ஏறுகிறவனை எந்தக் கடையிலும் ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள்.

அவன் ஏறத் தொடங்கியபோதே ரஷீதுக்கு மலச்சிக்கல் வந்தது. சுக்குக்காரர் வீட்டில் வயிற்றுக்கு வேறென்ன மருந்து? சுக்குக் கஷாயம், வெல்லத்தில் உருட்டிய சுக்கு, வெந்நீரில் சுக்கு. அப்புறம் மூக்கும் போயிற்று. மீன் கருகினால்கூடத் தெரியவில்லை. சுக்குத் தூசியிலேயே வளர்ந்தவனுக்கு மூக்கு எதற்கு என்று கடைத்தெரு சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். ஜலீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலடிச் சத்தம் தொப்புளைத் தாண்டி நெஞ்சுக்கு வந்திருந்தது. சொன்னால், "வாயுடி" என்பார்.

மகள் ஜஸ்னாவுக்கு நிக்காஹ் நிச்சயமான வருடம் சத்தம் கழுத்தைக் கடந்தது. ஒருநாள் காலை, தலைக்குள் மூட்டையை இறக்கிய சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டது. அன்றே ரஷீதின் வலக்கை நடுங்க ஆரம்பித்தது. எர்ணாகுளத்து நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்றார். சிலருக்கு இது வயிற்றில் தொடங்கி, மூளைக்குப் போகிற நரம்பைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் மெல்ல ஏறுவதாகச் சந்தேகப்படுகிறார்கள் என்றும் சொன்னார்.

"அந்தக் காலடியத்தான் டாக்டரே இத்தன வருசமா கேட்டுட்டிருக்கேன்" என்றாள் ஜலீலா. டாக்டர் மாத்திரை எழுதினார்.

மாத்திரைக்குக் கை கொஞ்சம் கட்டுப்பட்டது. மாத்திரையும் வயிற்றைத் தாண்டித்தானே போகவேண்டும். வயிறு அடைத்த நாட்களில் கை யார் சொல்லையும் கேட்கவில்லை. நிக்காஹ் அன்றும் அப்படித்தான். அவர்கள் குடும்பத்தில் பெண்ணைப் பெற்ற அத்தா மாப்பிள்ளையோடு சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், கை வைத்துச் சாப்பிட்ட பிறகுதான் அவன் வீட்டுப்பிள்ளை. ரஷீது மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் வரல ஜலீலா. மாப்பிள்ள மடியெல்லாம் சோறாயிரும். என் தம்பிய உக்கார வெய்யி."

அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக அலுப்பு வந்தது. ஒருவனுடைய காலடிக்குக் காதுகொடுத்தே பாதி ஆயுசு போயிருந்தது. அப்போது சாயா சுற்றி வந்தது. மட்டாஞ்சேரியில் மாடிக்கு மூட்டை ஏற்றியவனைச் சாயா கொடுக்காமல் யாரும் விடுவதில்லை. கொடுக்கும்வரை அவனும் காலை ஆட்டிக்கொண்டே நிற்பான். இவனுக்கு யார் கொடுத்தார்கள்? ஜலீலா ஒரு கிளாஸுக்கு இரண்டு கிளாஸாக எடுத்தாள். முதலாவதை ரஷீதுக்குப் புகட்டினாள். இரண்டாவதையும் அவர் வாயிலேயே வைத்து, காதருகே குனிந்து, உள்ளே நிற்பவனை அண்ணனென்று கூப்பிட்டாள்.

"சேட்டா, உக்காந்து சாயா குடிங்க. இத்தன தூரம் ஏறி வந்திருக்கீங்க."

அவர் தலைக்குள் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. கை அடங்கியது. மாப்பிள்ளை ரஃபியோடு ரஷீது ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். ஜஸ்னா தூரத்திலிருந்து பார்த்து அழுதாள்.

கை கழுவும்போது நடுக்கம் திரும்பிவிட்டது. வந்தவன் போகிற ஆளில்லை என்று ஜலீலாவுக்குப் புரிந்தது. இப்போது அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். தினமும் மூன்று சாயா போடுகிறாள். மூன்றாவதில் சீனி கொஞ்சம் கூடுதல். சுமைக்காரர்கள் அப்படித்தான் குடிப்பார்கள்.