டைல்ஸ் எத்தனை கனம்?

எங்கள் அலுவலகத்தில் டைல்ஸுக்குக் கனமே கிடையாது.

பிலிப்பைன்ஸில் செபு நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர்கள் வரைந்த கட்டடங்களை நாங்கள் கம்ப்யூட்டரில் எழுப்புகிறோம். நடுவில் கான்கிரீட், அதன்மேல் சிமெண்ட் பூச்சு, அதன்மேல் ஈரம் இறங்காமல் ஒரு படலம், பிறகு பசை, கடைசியில் டைல்ஸ். ஒவ்வோர் அடுக்குக்கும் அதனதன் கனத்தைச் சொல்லித்தான் சுவரை நிறுத்த வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அப்படி நிறுத்தினால் இரண்டு சுவர் சந்திக்கும் மூலையில் அடுக்குகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அசிங்கமாக நிற்கும். மூலை மூலையாக அதைச் சரிசெய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதற்கு எங்கள் முதலாளி வென்டல் சார் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். வெறும் கான்கிரீட்டை நிறுத்து, பெயிண்ட் பொத்தானை அழுத்து, டைல்ஸைச் சுவர்மேல் தடவிவிடு. வேலை முடிந்தது.

"படத்தைப் பாக்குறவன் டைல்ஸ் எத்தனை கனம்னு கேக்கவா போறான்?" என்பார்.

யாரும் கேட்டதில்லை. படங்கள் அவ்வளவு அழகாக இருக்கும்.

என் தம்பி ரோமில் பைக் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மழைநாளில் லாரி அடித்ததில் இடுப்புக்குக் கீழே அசைவெல்லாம் போயிற்று. எங்கள் வாடகை வீட்டில் சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை. அதனால் இருபத்தேழு வயது ஆம்பிளையை அம்மா முதுகில் சுமந்துதான் கழிப்பறைக்குக் கொண்டுபோவாள். நான் தூக்கப் போனால் ரோமில் கத்துவான். அம்மா தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வான். அது எனக்குப் பார்க்க முடியாது. ஏதாவது பாத்திரத்தை உருட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் நிற்பேன்.

நகராட்சிக் குலுக்கலில் எங்களுக்கு வீடு விழுந்தது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்றே ஒதுக்கிய தரைத்தள வீடு. அம்மா குழந்தை இயேசுவின் சாந்தோ நினோ சொரூபத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப முத்தமிட்டாள். ரோமில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, பாத்ரூமுக்கு நானே போய்க்கலாமா?"

அந்தக் கட்டடத்தின் மாடல் எங்கள் அலுவலகத்தில் செய்ததுதான். வேறு யாரோ செய்தார்கள், நான் இல்லை. ஃபைலைத் திறந்தேன். பாத்ரூமுக்குள் நுழைந்ததும் இரண்டு சுவருக்கு நடுவே சின்ன வழி, அதைத் தாண்டினால் கம்மோட். வழியில் ஒரு சக்கர நாற்காலியை வைத்துப் பார்த்தேன். தாராளமாகப் போயிற்று. நீல டைல்ஸ் பளபளக்க அதைப் படமெடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். ரோமில் அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டிக்கொண்டான். வருகிறவர்களிடமெல்லாம், "இது என் ரூம், கதவைத் தட்டிட்டு வரணும்" என்று அலட்டல் வேறு.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

"அக்கா, அந்த டைல்ஸ் எத்தனை கனம்?"

"எதுக்குடா?"

"சுவத்துல கைப்பிடி மாட்டணும்ல. ஸ்க்ரூ எவ்ளோ நீளம் வாங்கறது?"

அந்த ஃபைலிலும் டைல்ஸைத் தடவித்தான் விட்டிருப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அலுவலகத்தில் ஃபைலை ஒரு பிரதி எடுத்து, தடவியிருந்த டைல்ஸைச் சுரண்டிவிட்டு, நிஜ அடுக்குகளை வைத்துச் சுவரை நிறுத்தினேன். பூச்சு, படலம், பசை, டைல்ஸ். இரண்டு பக்கமும் சேர்ந்து வழியில் நாலு விரல் அகலத்தைத் தின்றுவிட்டன. நாற்காலி போக அங்கே மீதமிருந்ததோ மூன்று விரல்தான். ஒரு விரல் இடம் போதவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன், கம்ப்யூட்டர் பாவப்பட்டு மனசை மாற்றிக்கொள்ளும் என்பதுபோல.

வென்டல் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ரிசலின், அங்க நாலாவது மாடி ஏறியாச்சும்மா. நாம கொடுத்தாச்சு, அவங்க கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப போய் நான் என்னத்தைச் சொல்ல?"

"உண்மையைச் சொல்லுங்க சார்."

"சொன்னா சுவர் நகருமா?"

கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட், எல்லாரும் ஆர்க்கி என்று கூப்பிடும் மெல்ச்சோரிடம் நானே போனேன். நல்ல மனுஷன். உட்காரவைத்து காபி கொடுத்தார். நான் சொன்னதைக் கேட்டு முகம் வெளுத்துப்போயிற்று. என்னோடு கட்டட இடத்துக்கே கிளம்பி வந்தார்.

அங்கே இன்ஜினியர் பால்டோ சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். "அச்சு வெச்சு ஊத்துன கான்கிரீட், ஆர்க்கி. மேல நாலு மாடியும் இதுங்க மேலதான் நிக்குது. ஒரு விரல் என்ன, ஒரு நகம்கூடச் செதுக்க முடியாது."

"அப்ப ஒரு பக்கம் டைல்ஸே வேண்டாமே சார்," என்றேன். "வெறும் சுவரா விட்டுடுங்க. என் தம்பி ஒண்ணும் சொல்லமாட்டான்."

பால்டோ கையிலிருந்த படத்தை விரித்தார். நாங்கள் அனுப்பிய படம். நீல டைல்ஸ் கூரைவரை பளபளத்தது.

"இதுல ரெண்டு பக்கமும் டைல்ஸ் இருக்கே தங்கச்சி. பரிசோதனைக்கு வர்றவன் இதைத்தான் கையில வெச்சுக்கிட்டு வருவான். ஒண்ணு குறைஞ்சாலும் குடிபோக விடமாட்டான். உனக்கு மட்டுமில்ல, மொத்தக் கட்டடத்துக்கும்."

படத்தை மாற்றினால் மறுபடி ஒப்புதல் வாங்க வருஷக்கணக்காகும், அதுவரை யாரும் குடிபோக முடியாது என்று ஆர்க்கி மெல்ச்சோர் வருத்தத்தோடு சொன்னார். எல்லாரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். ஒரு கெட்டவனாவது அகப்பட்டிருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

ஜீப்னி வண்டியில் திரும்பும்போது, ரோமிலிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் வாசலில் நின்றபடியே போட்டு உடைத்தேன்.

அவன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஒரு விரல்தானே? நான் இளைச்சுக்கறேன்."

"நாற்காலி இளைக்காதுடா."

"வேற நாற்காலி?"

"இதைவிட ஒடுக்கமா வாங்கினா இடுப்புல புண்ணு வரும்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

கொஞ்ச நேரம் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"நம்மூரு மேஸ்திரிங்க எந்தச் சுவத்தை அக்கா ஒழுங்கா பூசியிருக்காங்க? ஒரு பக்கம் கனமா இருக்கும், ஒரு பக்கம் மெலிசா இருக்கும். நமக்குன்னு அங்க மெலிசா அமைஞ்சிடும் பாரு."

நானும் அதையே பிடித்துக்கொண்டேன். வேறு என்ன இருந்தது பிடித்துக்கொள்ள? ஞாயிறு பூசையில் மற்றவர்கள் உடம்பு சுகத்துக்கு வேண்டிக்கொண்டார்கள். நான் மேஸ்திரி கை தப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சாவி கொடுத்த அன்று அம்மா அரிசியும் உப்பும் எடுத்துக்கொண்டு முதலில் நுழைந்தாள். பின்னாலேயே ரோமில், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, மடியில் கைப்பிடியும் ஸ்க்ரூ பொட்டலமும் வைத்துக்கொண்டு வந்தான். கூடத்தையோ சமையலறையையோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக பாத்ரூமுக்குத்தான் போனான்.

"யாரும் வராதீங்க," என்றான்.

கூடத்திலேயே நின்றோம். சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலியின் இரும்பு டைல்ஸில் உரசும் சத்தம். பின்னால் வந்தான், மறுபடி போனான். மறுபடியும் உரசியது. இந்தமுறை வேகமாக மோதினான். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

எட்டிப் பார்த்தேன். வாழ்க்கையில் இவ்வளவு நேரான சுவரை நான் பார்த்ததில்லை. ஒரு டைல்ஸ்கூட ஏறி இறங்கவில்லை, நூல் பிடித்ததுபோல ஒட்டியிருந்தார்கள். எங்கள் படத்தில் இருந்த அதே நீலம். நாற்காலி இரண்டு சுவருக்கும் நடுவில் இறுகி நின்றது. அவன் விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது.

"படத்துல உள்ள போயிட்டேன்ல அக்கா?" என்றான், திரும்பாமலேயே.

"போயிட்டேடா," என்றேன்.

நாங்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்து எடுத்தோம். அவன் கொஞ்ச நேரம் அவசரத்தை அடக்கிப் பார்த்தான். பிறகு பொறுக்க முடியவில்லை. "அம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அவன் முன்னால் முதுகு காட்டிக் குனிந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவளுடைய முழங்கால் சடக்கென்றது. இருவரும் அந்தச் சுவர்களுக்கு நடுவே எங்கேயும் உரசாமல் உள்ளே போனார்கள்.