பிடிலுக்குள் வளர்ந்த வால்

வெல்டா ஸ்கேக்ஸ் பொய் சொன்ன ஒவ்வொரு முறையும் அவளுடைய பிடிலுக்குள் கிடந்த பாம்பு வாலில் ஒரு கணு கூடியது. வால் உள்ளே கிடந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. அந்த மேற்கு வர்ஜீனிய மலைப்பக்கத்தில் வாலை ஆட்டி ஓசையெழுப்பும் கிலுகிலுப்பைப் பாம்பை அடித்துக் கொன்றால், கணுக்கணுவான அந்த வால்நுனியை அறுத்துக் காயவைத்துப் பிடிலின் துளை வழியாக உள்ளே போட்டுவிடுவார்கள். ஈரம் அண்டாது, எலி வராது, நாதம் கூர்மையாகும் என்பார்கள். செத்த பாம்பின் வால் வளராது என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். வெல்டாவுடையது வளர்ந்தது.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் தீயணைப்பு நிலையத்து மாடியில் பிடில் வகுப்பு நடக்கும். பகலில் மாட்டுத்தீவனம் விற்கும் கோல்பி என்ற இளைஞன் வட்டமாகப் போட்ட நாற்காலிகளின் நடுவே உட்கார்ந்து மெட்டில் ஒரு துண்டு வாசிப்பான். மற்றவர்கள் காதால் வாங்கித் திருப்பி வாசிப்பார்கள். தாளில் எழுதிய சுரம் கிடையாது. விதி ஒன்றுதான்: புது மெட்டைக் கொண்டு வருபவர் தந்தியில் வில்லை வைக்கும் முன் அதை யாரிடமிருந்து பெற்றார் என்று சொல்ல வேண்டும். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த வெல்டா, ஐம்பது வயதுக்கு மேல் அந்த வகுப்பில் சேர்ந்தவள். இரண்டாவது குளிர்காலத்தில் அவள் முறை வந்தது. யாரும் கற்றுக்கொடுக்காமலே அவள் தலைக்குள் இருந்த ஒரே மெட்டை வாசிக்கலாம் என்று நினைத்தாள். அதன் இரண்டாம் பாகத்தில் ஒரு தட்டு கூடுதலாக இருந்தது. அந்த இடத்தில் வில் காற்றில் நிற்கும், தரையில் தாளம் போடும் கால் தடுக்கும்.

"எங்க பிடிச்சீங்க வெல்டாம்மா இத?" என்றான் கோல்பி. "மாடிப்படியில ஒரு படி கூட இருக்குன்னு நெனச்சுக் கால வச்ச மாதிரி இருக்கு."

"ஹோபார்ட் மாமா வாசிப்பாரு. அம்மாவோட அண்ணன்" என்றாள் வெல்டா.

ஹோபார்ட், பழைய பாப்டிஸ்ட் சபையின் மூப்பர். பிடிலைப் பிசாசின் பெட்டி என்றவர். சொந்தத் தம்பி மகனின் பிடிலை அடுப்பில் வைத்து எரித்தவர். அந்த மாவட்டத்தில் பிடில் வாசித்திருக்கவே முடியாத ஒரே மனிதரை அவள் தேர்ந்தெடுத்துவிட்டாள். குடும்பத்தில் கௌரவமானவர் யார் என்று தேடினாள், அவர் கிடைத்தார், அவர் கையில் பிடிலைக் கொடுத்துவிட்டாள். வட்டத்தில் பாதிப் பேருக்கு ஹோபார்ட்டைத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினார்கள். அவர்களில் மூத்தவளான ஐசி பிளாங்கன்ஷிப் மட்டும், "அப்பிடியா, ஹோபார்ட்டா?" என்றபடி வில்லில் பிடிப்புக்காகக் குங்கிலியம் தேய்த்தாள். வெல்டாவின் மடியில் பிடில் ஒருமுறை கிலுகிலுத்தது.

மெட்டு அவளுடைய அப்பா எர்சலுடையது. பிடிலும் வாலும் அவருடையவைதான். சுரங்கக் கூரை விழுந்து முதுகு போன பிறகு அவர் மதுக்கடை வாசலில் காசுக்காகத் தொப்பியை மல்லாத்தி வைத்து வாசித்தார். பள்ளிக்கூடம் விட்டதும் வெல்டா தோழிகளோடு எதிர்ச் சாரியில் நடப்பாள். அது உன் அப்பாதானே என்று ஒருத்தி கேட்டபோது, "எங்கப்பா சுரங்கத்துல இருக்காரு" என்றாள். அவர் ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை. கேட்டிருக்காது என்றே பல வருடங்கள் நினைத்துக்கொண்டாள். அப்பாவை நினைத்து வெட்கப்பட்டது ஒரு காலம். பிறகு அந்த வெட்கத்தை நினைத்து வெட்கம் வந்தது. பல் மருத்துவமனை மேசைக்குப் பின்னால் அவள் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும்போதுகூட அது போகவில்லை.

மெட்டு பரவியது. புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டார்கள். வெல்டா சொல்லச் சொல்ல ஹோபார்ட்டுக்கு ஒரு ஆடும் நாற்காலி வந்தது, பிறகு மேப்பிள் மரத்து நிழல், அவர் கண்ணை மூடி வாசிக்கும் பழக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணு. வால் உள்ளே சுருண்டு, அதன் நுனி துளை வழியாக விரல்போல எட்டிப் பார்த்தது. குறடால் இழுத்துப் பார்த்தாள். துளை வழியாக வெளியே வரும் அளவைத் தாண்டி வளர்ந்திருந்தது. பிடில் பழுதுபார்ப்பவர் உள்ளே சிறு கண்ணாடியை விட்டுப் பார்த்து, "மரத்துல கோளாறு இல்லம்மா. வாலும் நல்லா ஆரோக்கியமா இருக்கு. இன்னும் கொஞ்சம் வளந்தா நாதத்துக்கு எடமிருக்காது" என்றார்.

அந்த இலையுதிர்காலத்தில் மாவட்டச் சந்தை மேடையில் வகுப்பு வாசிப்பதாக முடிவானது. வெல்டாவின் மெட்டைத்தான் எடுத்தார்கள், ஹோபார்ட்டின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அவள் பிடில், தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் முனகியது. அப்பாவிடமிருந்து மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"அந்தக் கூடுதல் தட்ட எடுத்துடலாமா?" என்றான் கோல்பி. "மேடையில எல்லாரும் அங்கதான் சறுக்குவோம்."

"எடுக்காத" என்றாள் ஐசி. வில்லைக் கீழே வைத்தாள். "நான் மதுக்கடைக்கு எதிர்ல துணிக்கடையில வேல பாத்தேன். கண்ணு வெல்டா, நீ எங்க கடை ஜன்னலத் தாண்டிப் போவியே, அப்ப உங்கப்பா வில்ல நிறுத்திட்டுத் தலையக் குனிஞ்சுக்குவாரு. நீ போனதும் மறுபடி எடுப்பாரு. அப்புறம் நீ வராத நாள்லயும் மெட்டுல அந்த எடம் அப்பிடியே நின்னுபோச்சு."

"இவ்வளவு நாள் சொல்லலியே அக்கா."

"நீ ஹோபார்ட்டு கையில பிடிலக் குடுத்தியே, அந்தக் காட்சியக் கெடுக்க மனசு வரல" என்றாள் ஐசி. யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள். ஐசியும் தரையைப் பார்த்தாள். "தெரிஞ்சும் தலையாட்டுனேன். எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு."

மேடையில் அறிவிப்பாளர் ஹோபார்ட்டின் பெயரைச் சொல்லத் தொடங்கியபோது வெல்டா எழுந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். "இது எர்சல் ஸ்கேக்ஸ்கிட்டருந்து. எங்கப்பா. மதுக்கடை வாசல்ல வாசிப்பாரு. நான் எதிர்ச் சாரியில போவேன்." வறுத்த பன்றித்தோல் தின்றுகொண்டிருந்த சிலர் மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு வாசித்தார்கள். இரண்டாம் பாகத்தில் எல்லாரும் வில்லைத் தூக்கிய அந்த ஒரு தட்டில் வால் மட்டும் கிலுகிலுத்தது. சரியான தாளத்தில்.

வால் சுருங்கவில்லை. வளர்ந்த கணு ஒன்றும் உதிரவில்லை. நுனி இன்னும் துளையில் எட்டிப் பார்க்கிறது, நாதம் கொஞ்சம் அடைத்தே வருகிறது. வெல்டா அதையே வாசிக்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் மெட்டு அந்த இடத்துக்கு வரும்போது வட்டம் முழுவதும் வில்லைத் தூக்கித் தலையைக் குனிந்து காத்திருக்கிறது. வால் கிலுகிலுக்கிறது, அவர்கள் தொடர்கிறார்கள். புதிதாக வருபவர்கள் இப்படிப்பட்ட வால் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். சின்னதாகத்தான் கிடைக்கும், மீதியை நாமே வளர்க்க வேண்டும் என்கிறாள் வெல்டா.